தொண்ணூற்றொன்றாவது செருப்பு

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்குச் செருப்புக் காவல் வேலை கிடைத்தது. யாரும் கேட்டு வாங்குகிற வேலை இல்லை அது. நானும் கேட்கவில்லை. கணக்கு இடிக்கிறது, அதனால்தான் உன்னை அங்கே உட்காரச் சொல்கிறேன் என்றார் சிஸ்டர். சிஸ்டர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிற வயது எனக்கு. கணக்கும் பொய் சொல்லாது என்று பள்ளிக்கூடத்தில் வேறு சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் ஒரு பத்து வயதுப் பிள்ளை எங்கே போகும்?

எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி இருக்கிறது. எங்கள் கரை மண் கறுப்பு. வெயிலில் வெறுங்காலோடு மிதித்தால் உச்சந்தலைவரை சுடும். வருஷத்துக்கு ஒரு முறை மாதா கோயில் திருவிழா, பத்து நாள். கொச்சியில் தங்கி ஆழ்கடல் தொழிலுக்குப் போகும் எங்கள் ஊர் ஆண்கள் கிறிஸ்துமஸுக்குக்கூட வராமல் இருப்பார்கள், திருவிழாவுக்கு வந்துவிடுவார்கள். என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பத்து நாளில் ஒரு மாலை மறைக்கல்வி ஆண்டுவிழாவுக்கு என்று ஒதுக்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேதம் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கு ஊர் பார்க்கப் பாடுவார்கள், ஆடுவார்கள், நாடகம் போடுவார்கள்.

எனக்கும் அந்த மேடைக்கும் ஒத்துவராது. முந்தின வருஷம் குழுப்பாட்டுப் பயிற்சியில் இரண்டாவது வரியிலேயே தொண்டை கட்டிக்கொண்டது, மேடையேற்றவில்லை. அதற்கு முந்தின வருஷம் நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேஷம். நன்றாகத்தான் செய்தேன், ஆனால் அப்பாவின் விசைப்படகு அந்த வருஷம் நேரத்துக்குக் கரை சேரவில்லை. ஆக, பிறந்து பத்து வருஷமாகியும் ஊர் முன்னால் நான் நிற்பதை அப்பா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். போனில் பேசும்போதெல்லாம், "இந்த வருசம் என்ன மக்களே செய்யப்போற?" என்று கேட்பார்.

அந்த வருஷம்தான் மடத்துக்குப் புதிதாக வந்த சிஸ்டர், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ள எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து டிரில் செய்யப்போவதாக அறிவித்தார். சிஸ்டர் மதுரைப் பக்கத்துக்காரர். நாங்கள் பேசுவது பாட்டுப் பாடுவதுபோல இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார். டிரில் என்றதும் எனக்கு உயிர் வந்தது. குரல் வேண்டாம், வசனம் வேண்டாம், கையில் காகிதப்பூவைப் பிடித்துக்கொண்டு சொன்ன பக்கம் திரும்பினால் போதும். அன்று மாலையே அம்மாவின் போனைப் பிடுங்கி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அப்பம் இந்தத் தடவை பாத்திரலாம்" என்றார். பின்னால் துறைமுகத்து இரைச்சல் கேட்டது.

பயிற்சி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, கோயில் மைதானத்தில். முதல் இரண்டு நாள் சும்மா குத்துமதிப்பாக நிற்கவைத்து, "வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு" என்று விசில் ஊதினார் சிஸ்டர். என் இடது பக்கத்தில் சித்தி மகள் நின்றாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. வலப்பக்கம் திரும்பச் சொன்னபோதெல்லாம் அவள் முகமும் என் முகமும் நேருக்கு நேர் வந்தன. இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. டிரில் என்பதே பக்கத்தில் நிற்கிறவர்கள் முகம் பார்த்துக்கொள்வதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாரும் முன்னால் நிற்கிறவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் சிஸ்டர் எங்களை எண்ணினார். தொண்ணூற்றொன்று. திரும்ப எண்ணினார். அதே தொண்ணூற்றொன்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தொண்ணூறுன்னா ஒன்பது வரிசையில பத்துப் பத்தா அழகா நிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை நேரா இருக்கும். தொண்ணூத்தொண்ணு எதுலயும் அடங்காது. அதனால ஒருத்தர் மட்டும் செருப்பைப் பாத்துக்கட்டும். அது ரொம்பப் பொறுப்பான வேலை."

பொறுப்பான வேலை என்று பெரியவர்கள் சொன்னாலே ஏதோ ஒன்று நம் தலையில் விழப்போகிறது என்று அர்த்தம். சிஸ்டரின் கை என் தோளில் வந்து விழுந்தது.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு மாதா கெபி உண்டு. பாறைக் குகைபோலக் கட்டி உள்ளே சுரூபம் வைத்திருப்பார்கள். அதன் பக்கத்துப் பூவரசு நிழலில்தான் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போடுவார்கள். மடத்தில் ஒரு நாய் வளர்ந்தது. காலையும் மாலையும் செபம் கேட்டு வளர்ந்த நாய்தான், ஆனாலும் செருப்பு வாரைக் கண்டால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். அதை விரட்ட எனக்கு ஒரு பூவரசங் கம்பைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். எதிரே ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் டிரில் செய்தார்கள். என் முன்னால் அவர்களுடைய செருப்புகள் கிடந்தன.

வீட்டுக்குப் போய் அழுதேன். அம்மா சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பக் கத்தியை எடுத்தாள்.

"தொண்ணூறு போதும்னு சிஸ்டர் சொன்னா போதும். சவத்த விடு. அடுத்த வருசம் பாட்டுக்குச் சேரு."

"அப்பாகிட்ட சொல்லியாச்சு."

"அப்பா ஒண்ணும் நினைக்கமாட்டாரு. நீ உண்ண வா."

உண்ண உட்கார்ந்தேன். கோபத்தில் இடது கையைச் சோற்றில் வைத்து, வழக்கம்போல் புறங்கையில் ஓர் அடி வாங்கிக்கொண்டேன். எனக்கு எதற்கும் முதலில் நீளுவது இடது கைதான். அதை வலது கையாக மாற்ற அம்மா பத்து வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு நோட்டின் பின் அட்டையில் இருந்த வாய்ப்பாட்டைத் தேடினேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடுவரை போட்டிருந்தது. எண்பத்தெட்டு இருந்தது. தொண்ணூறு இரண்டு இடத்தில் இருந்தது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது எல்லாம் இருந்தன. தொண்ணூற்றொன்று மட்டும் எங்கேயும் இல்லை. சிஸ்டர் சொன்னது சரிதான்போல இருந்தது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு காரியம் என் தலையில் ஏறிவிட்டால் இறங்காது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள், அவள் சொன்னதைப் பொய்யாக்க நான் விரும்பவில்லை. வாய்ப்பாட்டில் இல்லை என்றால் உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடுமா? வாய்ப்பாடு அட்டை முடிந்ததால் முடிந்தது. எண்கள் அதற்கு அப்பாலும் போகும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து செருப்பை அடுக்க ஆரம்பித்தேன்.

ஒரு சோடி ஒரு ஆள். அதுதான் என் கணக்கு. செருப்பில்லாமல் வருகிற பிள்ளைகளுக்கும், அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சிப்பி. முதலில் ஒன்பது வரிசையில் பத்துப் பத்தாக, டிரிலில் யார் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே அவர்கள் செருப்பு வருமாறு வைத்தேன். பயிற்சி முடிந்து ஓடிவந்த பிள்ளைகள் தேடாமல் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். சிஸ்டர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லாப் பாத்துக்கிறியே" என்றார். எனக்கு அந்தப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை. எல்லாச் சோடியும் வரிசையில் நிற்க, என் நீலச் செருப்பு மட்டும் வெளியே தனியாகக் கிடந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரண்டு வரிசையாக வைத்தேன். ஒரு வரிசைக்கு நாற்பத்தைந்து. கெபியிலிருந்து கிளம்பிய செருப்பு வரிசை கொடிமரத்தைத் தாண்டிப் போய்விட்டது. அன்று ஒரு பிள்ளைக்கும் செருப்பு அகப்படவில்லை, ஒரே கூச்சல், சிஸ்டரிடம் எனக்குத் திட்டு. அதற்கு அடுத்த நாள் மூன்று வரிசை, முப்பது முப்பதாக. பிறகு ஐந்து வரிசை, பதினெட்டு பதினெட்டாக. பிறகு ஆறு, பதினைந்து பதினைந்தாக. வரிசை கூடக்கூட நீளம் குறைந்துகொண்டே வந்தது. ஒன்பதும் பத்தும் ஏற்கனவே பார்த்தாயிற்று. பத்து வரிசை வைத்தால் ஒன்பது ஒன்பதாக வந்தது, அது பழையதையே பக்கவாட்டில் திருப்பிப் போட்டதுதான். அதற்கு மேல் பதினைந்து வரிசை வைத்தாலும் ஆறு ஆறாக வந்தது. வந்ததே திரும்பி வருகிறது, இனித் தேடுவதில் பயன் இல்லை என்று எனக்கே புரிந்துவிட்டது.

தொண்ணூறு தாராளமான எண். எப்படிக் கேட்டாலும் இடம் கொடுத்தது. ஆனால் எப்படி வைத்தாலும் கடைசியில் என் செருப்பைச் சேர்க்க இடம் இருக்காது. இரண்டு வரிசையில் மிச்சம் நான். மூன்று வரிசையில் மிச்சம் நான். ஐந்தில், ஆறில், ஒன்பதில், பத்தில், எல்லாவற்றிலும் ஒரே ஒரு சோடி மிச்சம், அதுவும் என்னுடையது. செருப்பைப் பார்த்து ஒருத்தி அழுவாளா என்று கேட்கலாம். நான் அழுதேன். என்னை யாரோ வேண்டுமென்றே வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறமாதிரி இருந்தது.

சித்தி மகள் வந்து பார்த்தாள். "ஏட்டி, நீ என்னத்துக்கு இப்பிடிக் கிடந்து சாகுற? டிரில் ஒண்ணும் கொள்ளாது கேட்டியா. வெயில்ல நின்னு காலு வெந்து போவுது."

"நீ உள்ள நிக்கிய. அதனால சொல்லுத."

அவள் தன் செருப்பை எடுக்காமல் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் இருந்தாள். எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை, அந்த மிச்சத்தின்மேல். கடைசியாக வைப்பதால்தானே என் செருப்பு மிச்சமாகிறது? நாளைக்கு அதையே முதலில் வைத்தால் என்ன? யாராவது மிச்சமாகட்டும். நான் ஆகமாட்டேன்.

கணக்கு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். முதலில் வைத்தாலும் கடைசியில் வைத்தாலும் தொண்ணூற்றொன்று தொண்ணூற்றொன்றுதான், அதில் ஒரு மாற்றமும் வராது. ஆனால் எனக்கு மாற்றம் வந்தது. அதுவரை நான் தொண்ணூறுக்கு வீடு கட்டிவிட்டு அதற்குள் என்னைத் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு அடங்காத வரிசைகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாலு வரிசை வைத்தால் தொண்ணூறே நிற்காது என்று விட்டுவிட்டேன். ஏழு, எட்டு எல்லாம் அப்படியே விடுபட்டவை. மறுநாள் கெபிச் சுவரை ஒட்டி என் நீலச் செருப்பை முதல் ஆளாக வைத்ததும், முதலிலிருந்து எல்லாவற்றையும் நாமே பார்க்கவேண்டும் என்று ஆகிவிட்டது.

நாலு நாலாக வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் மூன்று சோடி மிஞ்சியது. எனக்கு அதுவே பாதி வெற்றி. இத்தனை நாள் கழித்து முதல் தடவையாக மிச்சத்தில் நான் இல்லை, மிச்சமும் ஒற்றை ஆளாக இல்லை. எட்டு எட்டாக வைத்தேன். அதிலும் மூன்று. ஏழுக்குப் போவதற்குள் விசில் ஊதிவிட்டது. பிள்ளைகள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் மழை. பயிற்சி இல்லை. ஏழு என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டில் சுற்றிவந்தேன். அப்பா போன் செய்தபோது அம்மா என்னிடம் கொடுத்தாள். டிரில் எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஈர மணலில் அடுக்கினேன். என் செருப்பு முதலில், அதையும் சேர்த்து ஒரு வரிசைக்கு ஏழு. அடுத்த வரிசை ஏழு. அடுத்தது ஏழு. நாய் வந்து முகர்ந்தது. கம்பை ஓங்கினேன், போய்விட்டது. சிப்பிகளையும் கலந்து வைத்துக்கொண்டே போனேன். கடைசி வரிசைக்கு வந்தபோது குவியலில் கொஞ்சம்தான் இருந்தது, எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஏழாவதை வைத்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினேன். கையில் மணல்தான் வந்தது. செருப்பும் இல்லை, சிப்பியும் இல்லை. எழுந்து நின்று பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் ஒன்றும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. நீளவாக்கில் எண்ணினேன், பதின்மூன்று வரிசை. ஆள் குறைகிறதோ என்று சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணினேன். தொண்ணூற்றொன்று.

விசில் ஊதியது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். நான் கம்பை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"சிஸ்டர் வந்து பாக்காம ஒருத்தரும் செருப்பு எடுக்கப்பிடாது."

எட்டாம் வகுப்பு அண்ணன்மார் முதலில் சிரித்தார்கள். பிறகு அதட்டினார்கள். ஒருவன், "எடி, தள்ளு. டியூசனுக்குப் போணும்" என்று காலை நீட்டினான். நாய்க்கு வைத்திருந்த கம்பை அவன் காலுக்குப் பக்கத்தில் ஓங்கி அடித்தேன். மணல் தெறித்தது. சித்தி மகள் ஒன்றும் கேட்காமல் மறுபக்கத்தில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் மறித்ததால் அவளும் மறித்தாள்.

கூச்சல் கேட்டுச் சிஸ்டர் வந்தார். என்னைத் திட்டத்தான் வந்தார் என்பது நடையிலேயே தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"சிஸ்டர், எண்ணிப் பாருங்க. தொண்ணூத்தொண்ணும் நிக்கி. ஒருத்தரும் மிச்சம் இல்ல."

அவர் குனிந்து ஒரு பக்கம் எண்ணினார். இன்னொரு பக்கம் போய் எண்ணினார். உதடு அசைய, விரலால் உள்ளங்கையில் ஏழையும் பதின்மூன்றையும் பெருக்கிப் பார்த்தார்.

"யாரும்மா சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லித்தரல சிஸ்டர். அடுக்கிப் பாத்தேன்."

"இத்தனை நாளும் இதைத்தான் செஞ்சிட்டிருந்தியா?"

தலையாட்டினேன். அவர் மகிழ்ச்சியில் என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னையும் செருப்பையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் தனியாக நிற்கச் சொன்னார். வலப்பக்கம் திரும்பு என்றார். பட்டென்று திரும்பினேன். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். செபம் செய்கிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து இடப்பக்கம் திரும்பு என்றார், அதற்கும் திரும்பினேன். மறுபடியும் ஒரு சின்னச் செபம். பின்னால் யாரோ சிரித்தார்கள். சித்தி மகள் அவர்களை முறைத்தாள்.

சிஸ்டர் மறுபடியும் செருப்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை எண்ணவில்லை, எதையோ தேடினார். செருப்புகளை மிதிக்காமல் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், சரியாக நடுவில் இருந்த சோடியைக் கையில் எடுத்தார். அதைச் சுவரோரம் என் செருப்பு இருந்த இடத்தில் வைத்தார். என் நீலச் செருப்பைக் கொண்டுபோய் நடுவில் வைத்தார். கையைத் தம் அங்கியில் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"பதிமூணு பேரா ஏழு வரிசை. நீ நடுவுல நிக்கிற. கையில கொடி. கொடி பிடிக்கிறவங்க ஆடக்கூடாது, திரும்பக்கூடாது. மத்தவங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ நேரா மேடையைப் பாத்தபடியே நிக்கணும். முடியுமா?"

"முடியும் சிஸ்டர்."

"எது நடந்தாலும்?"

"எது நடந்தாலும்."

மறுநாளிலிருந்து வரிசையை மாற்றினார்கள். பழகிய இடம் போய்விட்டதென்று பிள்ளைகள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், பிறகு அதுவே பழகிவிட்டது. இனிச் செருப்பை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவன் கேட்டான். சிஸ்டர் நாயை மடத்துத் தூணில் கட்டிப்போடச் சொல்லிவிட்டார். இவ்வளவு எளிய வழி முதல் நாளே ஏன் அவருக்குத் தோன்றவில்லை என்று நான் யோசிக்கவில்லை. ஜெயித்தவர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

அப்பா ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தார். அன்று இரவு உண்ணும்போது ஏழு பதின்மூன்று கதை முழுவதையும் சொன்னேன். இடது கையை வீசி வீசிச் சொன்னேன் போலிருக்கிறது, அம்மா இரண்டு தடவை தட்டிவிட்டாள். அப்பா சிரிக்காமல் கேட்டார். "அப்பம் நடுவுல நீதான்" என்றார். "நான்தான்" என்றேன்.

மறுநாள் மாலையில் மைதானம் நிறைந்து மதில்மேலும் ஆள் ஏறி உட்கார்ந்திருந்தது. மேடையில் பங்குச் சாமியாரும் வெளியூரிலிருந்து வந்த சாமியார் ஒருவரும் இருந்தார்கள். வெள்ளை உடுப்பில் நாங்கள் வரிசையாகப் போய் நின்றோம். என் கையில் மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்த கொடி. கடல்காற்று அதைப் பிடித்து இழுத்தது, கம்பை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். விசில் ஊதியதும் என்னைச் சுற்றி எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். காகிதப்பூக்கள் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மேலே எழுந்தன. இடது பக்கத்தில் நின்ற சித்தி மகள் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். என் கால் விரல்கள் மணலுக்குள் துடித்தன. ஒவ்வொரு விசிலுக்கும் என் உடம்பு எங்கேயோ போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேடையையே பார்த்தபடி நின்றேன். நான் அசையவில்லை.

கைதட்டல் எழுந்தபோது அது எனக்கும் என் ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் கிடைத்தது என்றே நினைத்தேன். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைத் தூக்கினார். தூக்குகிற வயதைத் தாண்டியிருந்தேன், ஆனாலும் தூக்கினார்.

"ஊர்ப் பிள்ளேளு எல்லாம் ஆடிச்சு. என் பிள்ள ஒருத்தி அசையல்ல" என்றார். அவர் குரல் ஒருமாதிரி இருந்தது. அம்மா சிஸ்டரிடம் போய் ஏதோ சொன்னாள். சிஸ்டர் பதிலுக்கு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் என் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கணக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் கொடியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

சிஸ்டர் அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். நான் வளர்ந்தேன், படித்தேன், வேலைக்குச் சேர்ந்தேன், நாகர்கோவிலில் கார் ஓட்டப் பழகப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சிக்காரர் வடசேரி வருவதற்கு முன்னால், "அக்கா, அடுத்த வளைவுல வலது எடுங்க" என்றார். நான் துளிகூடத் தயங்காமல் இடது பக்கம் விளக்கைப் போட்டு இடது பக்கம் திருப்பினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பயிற்சிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மூடிய கண்ணை நான் ஏற்கனவே சிஸ்டர் முகத்தில் பார்த்திருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பாவம், நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஒன்பது வரிசையில் பத்துப் பத்தாக நின்றால் நடு என்று ஓர் இடம் கிடையாது. ஏழு வரிசையில் பதின்மூன்று பதின்மூன்றாக நின்றால் உண்டு, ஒரே ஓர் ஆளுக்கு. வலதும் வேண்டாம் இடதும் வேண்டாம் என்று நிற்கக்கூடிய இடம் அந்த மைதானத்தில் அது ஒன்றுதான். நான் அத்தனை நாள் தேடிய கணக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்று டிரில் செய்தவர்கள் தொண்ணூறு பேர், சிஸ்டர் முதலில் கேட்ட அதே தொண்ணூறு. எனக்கு வலமும் இடமும் மாறிப்போகும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, திரும்பும்போதெல்லாம் கண் சிமிட்டிய சித்தி மகளுக்கும் தெரிந்திருந்தது. அத்தனை பேருக்கும் நடுவில், கொடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் நான் நேராக நின்றேன்.